கிளட்ச் கைப்பிடி இல்லாத மோட்டாரில் கிளட்ச் எங்கே இருக்கிறது?

கேள்வி: அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்தில் வாங்கிய ஹோண்டா இஎக்ஸ் 5 மோட்டார் எங்கள் வீட்டில் இருக்கிறது. இப்போது நான் அதில் தினமும் ஆயர் குரோவுக்கு வேலைக்குப் போகிறேன். கொஞ்ச நாளாக நியூட்ரலிலிருந்து முதல் கியர் போட்டால் ‘டக்’ என்று உதைத்து முன்னே பாய்கிறது. ஓட்டத்தில் இரண்டு, மூன்று போடும்போதும் இடிக்கிறது. “கியர் பல் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிளக்க வேண்டும்” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மோட்டார் பழுது பார்க்கும் போமனோ கிளட்ச்சைப் பார்க்கச் சொல்கிறார். இதில் கிளட்ச் கைப்பிடியே இல்லையே ஐயா, இல்லாத கிளட்ச் எப்படிக் கெடும்?

வாசகர், ஜாசின், மலாக்கா

பதில்: அன்புள்ள வாசகரே, நல்ல கேள்வி. உங்கள் சிக்கலுக்கான விடையும் அந்தக் கடைசி வரிக்குள்தான் இருக்கிறது. இன்ஜினைப் பிளக்க அவசரப்படாதீர்கள்.

முதலில் ‘பல் தேய்ந்துவிட்டது’ என்ற பேச்சைப் பார்ப்போம். ‘டக்’ சத்தம் கேட்டதும் இரண்டு பல் சக்கரங்கள் முட்டிக்கொண்டன என்றே பலரும் நினைக்கிறார்கள். உங்கள் மோட்டாரில் அப்படி நடப்பதில்லை. நான்கு கியருக்கும் உரிய பல் சக்கரங்கள் எந்நேரமும் ஜோடி ஜோடியாகக் கோத்தபடியே இருக்கும். நீங்கள் மிதிக்கும்போது நகர்வது, சக்கரத்தின் பக்கவாட்டில் தடித்து நிற்கும் முட்டுகள். இவற்றுக்கு ‘டாக்’ என்று பெயர். இரு கை விரல்களையும் கோப்பதுபோல், ஒரு சக்கரத்தின் முட்டு அடுத்த சக்கரத்தின் இடைவெளியில் போய் உட்காரும். அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறீர்கள். லேசான ‘டக்’ புது மோட்டாரிலும் உண்டு.

இந்த முட்டுகள் உண்மையாகவே மழுங்கினால் அறிகுறி வேறாக இருக்கும். ஏற்றத்தில் முறுக்கும்போது போட்ட கியர் தானாக நழுவும். இன்ஜின் மட்டும் இரையும், மோட்டார் நகராது. எண்ணெய் மாற்றும்போது இரும்புத் துணுக்குகளும் வரலாம். நீங்கள் இவற்றில் எதையும் எழுதவில்லை. உங்கள் மோட்டாரில் கியர் விழுகிறது, விழுந்த இடத்தில் நிற்கிறது. விழும்போது மட்டும் இடிக்கிறது. ஆகவே சந்தேகம் கியர் பெட்டியை விட்டுக் கிளட்ச்சுக்குப் போகிறது.

கிளட்ச் என்பது இன்ஜின் சுழற்சியைக் கியர் பெட்டியோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் இணைப்பு. 1958இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் மோட்டாரை உருவாக்கும்போது, நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கி மறு கையால் ஓட்டும்படி அது இருக்க வேண்டும் என்று ஹோண்டா நிறுவனர் சோய்சிரோ ஹோண்டா விரும்பினார் என்பார்கள். அதனால் கிளட்ச் வேலை இடது கையிலிருந்து இடது காலுக்கு இறங்கியது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவை இங்கே கொண்டுவந்த பிறகு, சூப்பர் கப் குடும்பத்து மோட்டார்கள்தாம் நம் தோட்டங்களில் பால் டின்களைச் சுமந்தன. 1987இல் இங்கு அறிமுகமான இஎக்ஸ் 5 மோட்டாரும் அதே வழியில் வந்த கப்சாய்தான்.

உங்கள் மோட்டாருக்குள் ஒன்றல்ல, இரண்டு கிளட்ச் இருக்கின்றன. ஒன்று, வேகத்தால் விரியும் கிளட்ச். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது விலகியிருக்கும். முறுக்கினால் அதன் கட்டைகள் வெளியே விரிந்து பற்றிக்கொள்ளும். இரண்டாவது, தட்டுக் கிளட்ச். கியர் மிதியோடு இணைந்த ஒரு கை இதை விடுவிக்கிறது. நீங்கள் மிதிக்கும் தூரத்தின் முதல் பகுதி கிளட்ச்சைப் பிரிக்கிறது, மீதி கியரை மாற்றுகிறது, காலை எடுக்கும்போது கிளட்ச் மறுபடி சேர்கிறது. கிளட்ச் முழுதாகப் பிரியுமுன் கியர் விழுந்தால், உள்ளே சுழலும் விசை அப்படியே பின் சக்கரத்துக்குப் பாய்கிறது. அதுதான் அந்த உதை.

இனி, செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, ஐட்லிங், அதாவது முறுக்காமல் நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகம். இது நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் இருக்க வேண்டும். அணைந்துபோகிறது என்று கார்புரேட்டர் திருகை ஏற்றிவைத்தால், விலகியிருக்க வேண்டிய முதல் கிளட்ச் நின்ற இடத்திலேயே பாதி பற்றிக்கொள்ளும். முதல் கியரில் மோட்டார் பாய்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். காலையில் சோக் இழுத்தபடி கியர் போட்டாலும் இதே கதைதான்.

இரண்டாவது, கிளட்ச் திருகு. இன்ஜினின் வலப்பக்க மூடியில் ஒரு நட்டும் அதன் நடுவே ஒரு திருகாணியும் தெரியும். இன்ஜினை நிறுத்திவிட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியைக் கடிகார முள் திசையில் ஒரு சுற்று திருப்ப வேண்டும். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கிருந்து மறுபடி முள் திசையில் எட்டில் ஒரு பங்கு சுற்று. அந்த நிலையில் திருகாணியைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். எந்தப் போமனும் சில நிமிடங்களில் செய்துவிடுவார். ஓட்டத்தில் கியர் இடிப்பதற்கு மருந்து பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, மினியாக் ஹித்தாம் என்று நாம் சொல்லும் இன்ஜின் எண்ணெய். காரில் கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. உங்கள் மோட்டாரில் இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றும் ஒரே எண்ணெயில்தான் குளிக்கின்றன. பல் சக்கரங்களின் நசுக்கலில் எண்ணெய் நாளடைவில் நீர்த்துப்போகும். கியர் முரடாவது எண்ணெய் பழசானதற்கு ஓர் எச்சரிக்கை. வாங்கும்போது புட்டியில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியைப் பாருங்கள்; எண்ணெயில் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது என்று அதற்குப் பொருள். ‘எம்.பி.’ என்பது ஸ்கூட்டருக்கானது. வழுக்கும் பொருள் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் தட்டு நழுவும். இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் இன்ஜினுக்கு மாற்றும்போது ஏறக்குறைய 0.7 லிட்டர்தான் வேண்டும். காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று ஒரு லிட்டர் புட்டியையும் கவிழ்க்காதீர்கள். அளவுக் குச்சியைத் துடைத்து, மரை திருகாமல் வெறுமனே செருகிப் பாருங்கள்.

நான்காவது, சங்கிலி. முப்பது லிட்டர் பால் என்றால் ஏறக்குறைய முப்பது கிலோ. அந்தச் சுமையோடு செம்மண் மேட்டில் வருடக்கணக்கில் ஏறிய மோட்டாரில் சங்கிலி நீண்டிருக்கும், பின் சக்கரக் குடத்துக்குள் அதிர்ச்சியை வாங்கும் ரப்பரும் நசுங்கியிருக்கலாம். தளர்ந்த சங்கிலி கியர் மாறும்போது சுண்டி இழுக்கும். அந்த அடியைக் கியர் பெட்டியின் அடி என்று எண்ணி ஏமாறுவது எளிது.

இவை சரியானபின் கடைசியாக உங்கள் கால். ஓட்டும்போது பாதத்தை மிதியின் மேலேயே வைத்திருந்தால் தட்டுக் கிளட்ச் அரைகுறையாகப் பிரிந்து உராய்ந்துகொண்டே இருக்கும். தட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும். கியர் மாற்றுமுன் முறுக்கை முழுதாக விடுங்கள். அப்போதுதான் முட்டுகளின் மேல் இருக்கும் அழுத்தம் நீங்கும். மிதியை அடிவரை மிதியுங்கள், ஆனால் சட்டென்று விடாதீர்கள். கைக் கிளட்ச் வைத்திருப்பவர் விரல்களைப் பதமாக விடுவதை நீங்கள் பாதத்தால் செய்கிறீர்கள். வேகம் குறையாமல் நான்கிலிருந்து ஒன்றுக்கு இறக்குவதையும் விட்டுவிடுங்கள்.

ஐட்லிங், திருகு, எண்ணெய், சங்கிலி என்று இதே வரிசையில் போமனிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகும் இடித்தால் வலப்பக்க மூடியை மட்டும் கழற்றிக் கிளட்ச் தட்டுகளைச் சோதிக்கலாம். அதற்கும் இன்ஜினைப் பிளக்க வேண்டியதில்லை. கியர் நழுவத் தொடங்கினால் மட்டுமே அண்ணன் சொன்ன வேலைக்குப் போகலாம். அந்த நிலை வந்தாலும் மோட்டாரைக் கைவிடாதீர்கள். இஎக்ஸ் 5 உதிரிப் பாகங்கள் சிறு பட்டணத்துக் கடையிலும் கிடைக்கின்றன. முறையாகப் பார்த்துக்கொண்டால் அப்பாவின் மோட்டார் இன்னும் பல வருடம் உங்களை வேலைக்குக் கொண்டுபோகும்.