முதல் ஆர்மோனியப் பெட்டி: எதைக் கேட்டு வாங்குவது?

புதிதாக ஆர்மோனியம் கற்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் பார்ப்பது பெட்டியின் மெருகு. அடுத்து எத்தனை ஸ்டாப் (காற்றுவழியைத் திறந்து மூடும் இழுகுமிழ்), கப்ளர் உண்டா, ஸ்கேல் சேஞ்சர் உண்டா என்று விசாரிப்பார்கள். விலையை ஏற்றுகிறவையும் இவைதாம். ஆனால் நாதம் வருவது இரண்டே இடத்திலிருந்து: காற்றை அடக்கி வைக்கும் துருத்தி, அந்தக் காற்றில் அதிரும் பித்தளை ரீடு. இங்கிலாந்தில் 1829-இல் சார்லஸ் வீட்ஸ்டன் காப்புரிமை பெற்ற கருவியிலிருந்து வளர்ந்த கான்செர்டினா, பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் உருவாக்கிய கால்துருத்தி ஆர்மோனியம், கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் தரையில் உட்கார்ந்து வாசிக்க ஏற்றபடி மாற்றிய கைப்பெட்டி ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். வடிவம் மாறிக்கொண்டே வந்தது. ரீடும் துருத்தியும் மாறவில்லை. ஆகவே முதல் பெட்டிக்கு ஒதுக்கும் பணம் முதலில் இந்த இரண்டுக்கே போக வேண்டும் என்பது என் கட்சி.

நம் கொங்கு நாட்டில் இந்தக் கருவிக்கு ஆழமான வேர் உண்டு. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் பாடி வளர்ந்த நாடக மேடையில் ஆர்மோனியம்தான் பக்கபலம். கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் உதவியாளராக இருந்து மேலே வந்த எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்டது ஆர்மோனியத்தில்தான். இளையராஜாவின் பெட்டியும் கோவையில் வாங்கியதே என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். மார்கழி பஜனையிலும் தேவாலயப் பாடல் குழுவிலும் இன்றும் அதே பெட்டிதான் ஒலிக்கிறது. ஆசிரியர் கிடைக்காமல் போகிற ஊர் அல்ல இது. அதனால் முதல் வேலை கடைக்குப் போவது இல்லை, ஆசிரியரைப் பிடிப்பது. அவரிடம் உங்கள் கட்டை, அதாவது நீங்கள் பாடும் சுருதி, எது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் நிற்கும். பெண் குரல் ஐந்து, ஐந்தரை, ஆறு என்று அமையும். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல்ஸ்தாயிப் பஞ்சமம் வரை போய்வரும் இடம் இருந்தால் ஆரம்பப் பாடங்களுக்குப் போதும். மூன்று ஸ்தாயி கொண்ட 37 கட்டைப் பெட்டியில், ஒரு கட்டைக்காரர் இடமிருந்து இரண்டாம் ஸ்தாயியில் ஸட்ஜத்தை வைத்துக்கொள்ளலாம். ஐந்தரைக் கட்டைக்காரர் முதல் ஸ்தாயியிலேயே வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் மேலும் கீழும் இடம் மிஞ்சும். இதைவிட நீளமான பெட்டி இப்போது வேண்டாம்.

அப்படியானால் ஸ்கேல் சேஞ்சர் எதற்கு? ஒரே மேடையில் பல குரல்களுக்கு வாசிக்கிறவருக்கு, விரல் பழகிய இடத்தை மாற்றாமல் சுருதியை நகர்த்த அது பெரிய வசதி, மறுக்கவில்லை. மாணவருக்கோ சுருதி ஒன்றே. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத் தன் கட்டையிலேயே விரலில் ஏற்றிக்கொள்வதுதான் அவர் பாடம். சேஞ்சர் வந்தால் கட்டைப் பலகை நகர வழி செய்ய வேண்டும். பெட்டியின் எடை கூடும், இணைப்புகள் கூடும், பழுதுபார்ப்பும் கூடும். கப்ளரும் அப்படித்தான். ஒரு கட்டையை அமுக்கினால் இரண்டு பேசும். கட்டை கனக்கும், காற்று சீக்கிரம் தீரும், துருத்தி பழகாத கைக்கு இது இரட்டைச் சுமை. கட்டைக்கு இரண்டு ரீடு உள்ள சாதாரண டபுள் ரீடு பெட்டி, கப்ளர் இல்லாமல் கேளுங்கள்.

கடையில் பெட்டியைத் தரையில் வைத்து, நீங்கள் வாசிக்கப் போகிறபடியே சம்மணமிட்டு உட்காருங்கள். சுருதி ஸ்டாப்பை மூடிவிட்டு மற்ற ஸ்டாப்புகளை இழுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை துருத்தி போட்டுக் காற்றை நிரப்பி, எந்தக் கட்டையையும் தொடாமல் காது கொடுங்கள். உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, தொடாமலேயே ஒரு ஸ்வரம் முனகினாலோ அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்து மறுபடி காற்றை நிரப்பி, துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரே கட்டையை அமுக்கிப் பிடியுங்கள். நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பெட்டியிலும் இதையே செய்தால் எது காற்றைக் காக்கிறது என்பது தானே விளங்கிவிடும். பிறகு மிகக் குறைந்த காற்றில், இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக, கருப்பு வெள்ளை எதையும் விடாமல் அமுக்குங்கள். நல்ல ரீடு தொட்டதும் பேசும். தயங்கிப் பேசுவதும் பலமாக ஊதினால் மட்டும் பேசுவதும் பின்னால் தொல்லை தரும். கட்டை எழும்பும் வேகத்தையும், பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதையும் இதோடு பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சுருதி. கைப்பேசியில் ட்யூனர் செயலி போதும். ஒவ்வொரு வரிசை ரீடையும் அதன் ஸ்டாப்பை மட்டும் திறந்து தனியாகச் சோதியுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது நாதம் அலை அலையாக ஆடினால் ரீடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று பொருள். குஜராத்தின் பாலிதானா ரீடுக்குப் பெயர் உண்டு. ஆனால் பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், காதால் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பணத்துக்கு எலக்ட்ரானிக் கீபோர்டே வாங்கலாமே என்று சொல்வார்கள். சுருதி கலையாது, எடை குறைவு, உண்மைதான். ஆனால் துருத்தி போடும் கை, பாட்டின் மூச்சைக் கற்றுத்தருகிறது. எங்கே அடக்கிப் பாடுவது, எங்கே எடுப்பது என்பது அந்தக் கையில் இறங்குகிறது. இதைவிடக் கனமான மறுப்பு பாரதியுடையது. ஆர்மோனியத்தை அவர் கடுமையாகவே எதிர்த்தார். அகில இந்திய வானொலியும் 1940-இல் அதை விலக்கி, 1971 வரை தள்ளியே வைத்திருந்தது. காரணம் வலுவானது: கட்டைக்குக் கட்டை ஸ்வரம் தாவுமே தவிர வழுக்காது, கமகம் வராது. தோடியை இதில் முழுதாகக் கொண்டுவர முடியாது. எனவே கர்நாடக சங்கீதம் கற்கிறவர் இதை ஸ்வரஸ்தானத்துக்கும் சுருதிக்கும் துணையாக வைத்துக்கொண்டு, கமகத்தைக் குரலில்தான் பயில வேண்டும். பஜனை, நாடகப் பாட்டு, மெல்லிசை, கிறிஸ்தவ கீதம் பாடுகிறவருக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தடையில்லை.

பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் விட வேண்டியதில்லை. மேல் மூடியைத் திறக்கச் சொல்லி, கட்டைக்கு அடியில் உள்ள தோலைப் பூச்சியோ எலியோ தின்றிருக்கிறதா, துருத்தி மடிப்பில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். தோலும் துருத்தித் துணியும் மாற்றிவிடலாம். ரீடு பல இடத்தில் உடைந்திருந்தால் வாங்காதீர்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி அருகே இருக்கும் வீடுகளுக்கு ஒரு தனிச் சொல்: ரீடின் நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி, ஒரு பஞ்சுத் துகள் போய் அமர்ந்தால் அந்த ஸ்வரம் ஊமையாகிவிடும். வாசித்து முடித்ததும் பெட்டியை மூடித் துணி போர்த்துங்கள். தென்மேற்குப் பருவத்தில் ஈரக்காற்று அடிக்கும் பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் மரம் உப்பிக் கட்டை சிக்கிக்கொள்ளும். சுவரை ஒட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: சுருதி கலைந்தால் யார் சேர்த்துத் தருவார்? அதற்குக் கடைக்காரர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள். முடிந்தால் உங்கள் ஆசிரியரையும் கூட்டிப்போங்கள். ஸ்கேல் சேஞ்சரையும் கப்ளரையும் விட்டதில் மிச்சமான பணம் அவருடைய முதல் சில மாதச் சம்பளத்துக்கு ஆகட்டும்.