டப்பா டிவியும் பழைய வீடியோ கேமும்

 

2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல கலர் டிவி நினைவிருக்கிறதா? சில வீட்டுப் பரணில் இப்பவும் கிடக்குது. முதுகு புடைத்துக்கொண்டு, தூக்கவே முடியாத கனத்தில் இருக்கும். பழைய வீடியோ கேம்கள் எல்லாம் இந்த மாதிரி டிவிக்காகவே வரையப்பட்டவை. அதே கேமை இப்போது கம்ப்யூட்டரில் போட்டால் படம் கட்டம் கட்டமாக, முரடாகத் தெரியும். "அந்தக் காலத்துல இவ்ளோ மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்கத் தோன்றும். இல்லவே இல்லை! காரணத்தைப் பார்ப்போம்.

டப்பா டிவி எப்படிப் படம் காட்டுகிறது?

அதன் உள்ளே இருப்பது பிக்சர் டியூப். அது காற்றை எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரான் கற்றைகள் வந்து, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் என்னும் பொடியில் மோதும். மோதிய இடம் ஒளிரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகைப் பொடி உண்டு. எந்தக் கற்றை எந்தப் பொடியில் விழ வேண்டும் என்று பிரித்து விடுவது நடுவில் இருக்கும் ஓட்டைத் தகடு. இதற்குப் பெயர் மாஸ்க்.

கற்றை கோடு கோடாகத்தான் வரையும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகள். பழைய கேம் பெட்டிகளோ ஒரே வகைக் கோடுகளின் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்தன. அதனால் இடையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் விழுந்தன. இதைத்தான் ஸ்கேன்லைன் என்கிறோம். வெளிச்சமான கோடு கொஞ்சம் தடித்துப் பரவும், மங்கலான கோடு ஒல்லியாக நிற்கும். கட்டத்தின் கூர்மை இப்படித்தான் மறைந்தது.

உங்களுக்குத் தெரியுமா?

1991-ல் ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட கேம் 'சோனிக்'. அதில் வரும் அருவி உண்மையில் ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரைந்த செங்குத்துக் கோடுகள்தான்! டிவிக்குப் போகும் வீடியோ வயரில் அந்தக் கோடுகள் கலங்கி ஒன்றாகிவிடும். பார்ப்பவர்களுக்குக் கண்ணாடி போன்ற தண்ணீர் தெரியும். வரைந்தவர்கள் பாதியை வரைந்து, மீதியை டிவியிடம் விட்டிருக்கிறார்கள்.

ஷேடர் என்றால் என்ன?

திரையின் ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறத்தில் வரணும் என்று கணக்குப் போடும் சின்ன புரோகிராம்தான் ஷேடர். ரெட்ரோஆர்க் என்ற இலவச மென்பொருளில் டப்பா டிவி மாதிரி காட்டும் ஷேடர்கள் நிறைய இருக்கு. 'சிஆர்டி ராயல்' ரொம்ப அழகு, ஆனால் கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம். என் அக்காவின் விலையில்லா மடிக்கணினிக்கு 'சிஆர்டி பை' போன்ற எளிய ஷேடரே போதும்.

செட்டிங் செய்யும் முறை

1. முதலில் உயரம். மடிக்கணினித் திரையில் 768 வரிசை. சோனிக் படத்தில் 224 வரிசை. 224 × 3 = 672. மேலே 48, கீழே 48 வரிசை கறுப்பாக விட்டுவிட வேண்டும். திரை முழுக்க இழுத்தால் ஒரு கோடு தடிப்பாகவும் ஒரு கோடு ஒல்லியாகவும் வரும். முழு எண்ணால் பெருக்குவதுதான் ரகசியம்.

2. அகலம். பழைய டிவி 4:3 விகிதம். 672-க்கு அகலம் 896. இல்லாவிட்டால் வட்டம் முட்டை ஆகிவிடும்.

3. ஸ்கேன்லைன். கறுப்புக் கோடு லேசாகத் தெரிந்தால் போதும். ஜன்னல் கம்பி மாதிரி தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம்.

4. மாஸ்க். மூன்று புள்ளியில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம் மட்டும் காட்டும். முழு அளவில் வைத்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எனவே மாஸ்கைக் கூட்டினால் பிரைட்னஸையும் கூட்டணும்.

5. வளைவு. சின்னத் திரையில் இதைக் கூட்டினால் கோடுகள் சேர்ந்து அலை அலையாகத் தெரியும். நான் பூஜ்ஜியத்தில் வைத்தேன்.

6. அருவி கலங்கணும் என்றால் இவை மட்டும் போதாது. வீடியோ வயரைப் போலவே கலக்கும் 'என்டிஎஸ்சி' ஷேடரும் சேர்க்கணும்.

ஒரு நேரத்தில் ஒரு செட்டிங் மட்டும் மாற்றுங்கள். அறிவியல் சோதனையிலும் நாம் அப்படித்தானே செய்கிறோம்!

செய்து பாருங்கள்

செல்போன் திரையில் வெள்ளைப் படம் வைத்து, ஒரு சின்னத் துளித் தண்ணீர் விடுங்கள். துளி லென்ஸ் ஆகி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும்.

எச்சரிக்கை: டப்பா டிவியை மட்டும் திறக்காதீர்கள்! உள்ளே 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம். கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் உடைக்கவும் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. மாஸ்க், வெளிச்சம் எவ்வளவு என்பதைப் பாட்டி வீட்டில் இன்னும் ஓடும் டப்பா டிவியைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். பக்கத்தில் அசல் இருந்தால்தான் நகல் சரியா என்று தெரியும். எல்லா டிவியும் காயலான் கடைக்குப் போய்விட்டால் எதைப் பார்த்து ஒப்பிடுவது? உங்கள் வீட்டில் ஓடுகிற டிவி இருந்தால், எடைக்குப் போடும் முன் எங்கள் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.



9-ஆம் வகுப்பு மாணவி