ஒரு நாளைக்கு எத்தனை பாவாடை?

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு தொழில் நடக்கும். தோல் பை தைப்பார்கள். மண்பானை செய்வார்கள். அப்பளம் இடுவார்கள். துணி தைப்பார்கள்.

அங்கே ஒரு சந்தில் ஒரு பெண் உள்பாவாடை தைக்கிறாள். எல்லோரும் அவளைத் தையல் அக்கா என்றே கூப்பிடுவார்கள். கார்கானா முதலாளி வெட்டிய துணியைக் கட்டாகக் கொடுப்பார். அவள் வீட்டில் தைத்துக் கொடுப்பாள். ஒரு பாவாடைக்கு இவ்வளவு என்று கூலி. மாதச் சம்பளம் இல்லை. விடுமுறை இல்லை. தைத்தால் காசு. தைக்காவிட்டால் காசு இல்லை.

தீபாவளி நெருங்கியது. முதலாளி கட்டோடு வந்தார்.

"240 பாவாடை இருக்கு. நாலே நாளில் வேணும். முடியுமா?"

"முடியும் சேட்" என்றாள் தையல் அக்கா. முடியாது என்றால் கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடுமே என்று பயம்.

முதல் நாள் நன்றாகத் தைத்தாள். இரண்டாம் நாள் நடுராத்திரி வரை தைத்தாள். மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம்தான் தூங்கினாள். நான்காம் நாள் விடியற்காலையில் கண் சொருகியது. ஊசி விரலில் ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தைத்தாள்.

விடிந்த பிறகு பார்த்தாள். 30 பாவாடைகளில் நாடா கோக்கும் பட்டி உள்பக்கம் வெளிப்பக்கமாக இருந்தது. தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு நாள் ஆனது. தாமதம் என்று முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். விரல் வீங்கியதால் அடுத்த இரண்டு நாள் மெஷினில் உட்கார முடியவில்லை.

தூக்கத்தை விட்டதால் கிடைத்தது சில மணி நேரம். போனது மூன்று நாள்.

அன்று மாலை அவள் மகள் கேட்டாள்: "அம்மா, பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா வீட்டுக்கு விட்டுருவாங்க. உனக்கு யாரும்மா மணி அடிப்பாங்க?"

தையல் அக்காவுக்குப் பதில் தெரியவில்லை.

ஆலையில் மணி அடிக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று வரம்பு வைத்தது. தொழிலாளர்கள் பல காலம் போராடிப் பெற்ற வரம்பு அது. ஆனால் வீட்டில் தைப்பவருக்கு மணி அடிக்க ஆள் இல்லை. அவரே அடித்துக்கொள்ள வேண்டும்.

தையல் அக்கா எழுத்து வகுப்பில் வாங்கிய நோட்டை எடுத்தாள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம். அது எப்படிப் போகிறது என்று எழுதினாள்.

தூக்கம் – 7 மணி
சமையல், தண்ணீர், பிள்ளைகள் – 6 மணி
குளியல், சாப்பாடு – 2 மணி
இடையில் ஓய்வு – 1 மணி
மொத்தம் – 16 மணி

24-இல் 16 போனால் மீதி 8. ஒரு மணி நேரத்தில் அவள் 5 பாவாடை தைப்பாள். 8 மணி நேரத்தில் 40 பாவாடை.

பிறகு பழைய கட்டுக்குக் கணக்குப் போட்டாள். 240 பாவாடைக்கு 48 மணி நேரம் வேண்டும். நாலு நாள் என்றால் நாளைக்கு 12 மணி நேரம். 16-உம் 12-உம் சேர்ந்தால் 28. ஒரு நாளில் 28 மணி நேரம் ஏது? மீதி 4 மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறாள்.

இன்னொன்றும் எழுதினாள். சில நேரம் கரண்ட் போகும். நூல் அறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அதற்காக 5 பாவாடையைக் கழித்தாள். ஒரு நாளைக்கு 35 பாவாடை. இதுதான் நம்பிச் சொல்லக்கூடிய கணக்கு.

அடுத்த மாதம் முதலாளி 200 பாவாடை கொண்டுவந்தார். மறுபடியும் நாலு நாள் கெடு.

"நாலு நாளில் 140 தருவேன் சேட். 200-உம் வேணும்னா ஆறு நாள் ஆகும். சொன்ன நாளில் தருவேன். பிரித்துத் தைக்க வேண்டி வராது."

சொல்லும்போது அவள் நெஞ்சு படபடத்தது. முதலாளி முகம் சுளித்தார். 140-ஐ வைத்துவிட்டு 60-ஐ எடுத்துக்கொண்டார். அந்த 60-ஐ எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தார். நாலாம் நாள் இரண்டு வீட்டிலிருந்தும் வேலை சரியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் அவளுக்குக் கூலி கொஞ்சம் குறைவுதான். ஆனால் பிடித்தம் இல்லை. விரலில் காயமும் இல்லை.

உடம்பைக் காக்கச் சில வழிகள்

மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். கையையும் கழுத்தையும் அசையுங்கள்.

ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் வலிக்கும். அடிக்கடி தூரத்தில் பாருங்கள்.

கழிப்பறை தொலைவில் என்று சிலர் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இது தவறு. நீர்க்கடுப்பு வரும்.

தூக்கம் வந்தால் மெஷினை நிறுத்துங்கள்.

சேர்ந்து கேட்போம்

தனியாக நாள் கேட்டால் முதலாளி அடுத்த வீட்டுக்குப் போவார். சந்தில் எல்லோரும் ஒரே கணக்குச் சொன்னால் எங்கே போவார்? குஜராத்தில் அகமதாபாத் நகரில் 1972இல் எலா பட் என்பவர் 'சேவா' என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர்களும் அதில் சேர்ந்து கூலிக்காகப் பேசினார்கள். 1996இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. வீட்டில் வேலை செய்பவரும் தொழிலாளிதான், மற்றத் தொழிலாளிக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

எழுதிப் பாருங்கள்

1. உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது? மணிக்கணக்கில் எழுதுங்கள்.

2. ஒருவர் மணிக்கு 100 பீடி சுற்றுகிறார். 7 மணி நேரத்தில் எத்தனை சுற்றுவார்?

3. தையல் அக்கா ஒரு நாளைக்கு 35 பாவாடை தைத்தால், 105 பாவாடைக்கு எத்தனை நாள் ஆகும்?

பேசிப் பாருங்கள்

வீட்டு வேலை 6 மணி நேரம். அதில் கணவரும் பிள்ளைகளும் எதைப் பகிர்ந்துகொள்ளலாம்?