மைசூருக்குப் புறப்படும் பழைய ஜாவாவுக்கு: டெல்டா வீடுகளுக்கான பயனுள்ள குறிப்புகள்

ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை சர்வதேச ஜாவா நாளாகக் கொண்டாடுகிறார்கள். பெங்களூரு, மைசூரு போன்ற ஊர்களில் அன்று பழைய ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி நிற்கும். நம் நாட்டு ஜாவா பிறந்ததே மைசூரில்தான். செக்கோஸ்லோவாகியா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் யாதவகிரியில் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு வண்டியின் பெயர் எஸ்டி ஆயிற்று. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இன்னும் நிற்குமானால், அதைப் பிறந்த ஊருக்கு ஓட்டிப்போவதைவிட நல்ல மரியாதை வேறில்லை. தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தூரம். வேலையில் முக்கால் பங்கு வீட்டிலேயே முடிகிறது. அதனால் குறிப்புகளையும் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1. முதலில் டேங்க். வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் உள்ளே துரு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் நம் ஊர் இரும்பைச் சும்மா விடுவதில்லை. டேங்கைக் கழற்றி, பெட்ரோல் காக்கை எடுத்துவிட்டு அந்தத் துளையை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு என்ற கணக்கில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விடுங்கள். காலையில் கொட்டி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறையும் நல்ல தண்ணீரால் இரண்டு முறையும் அலசுங்கள். வெயிலில் முழுக்கக் காய்ந்ததும் கொஞ்சம் டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோலை விட்டுக் குலுக்கி வையுங்கள். காய்ந்த டேங்கை அப்படியே விட்டால் ஒரே நாளில் மறுபடி துரு பிடிக்கும். எலுமிச்சை உப்புக் கரைசல் வெளியே பெயிண்டிலோ குரோமிலோ வழிந்தால் உடனே கழுவிவிடுங்கள்.

2. குரோம் மேல் புள்ளி புள்ளியாக இருக்கும் துருவுக்குப் புளியும் வேண்டாம், மணலும் வேண்டாம். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் போதும். பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள்.

3. வண்டிக்கு பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். உள்ளே வியர்த்து, மூடாத வண்டியைவிட அதிகமாகத் துருப்பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ போதும். வைக்கோல் போர் பக்கத்தில் இருந்தால் சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் துணி அடைத்து வையுங்கள். எலி கூடுகட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. கிளப்பும்போது துணியை எடுக்க மறக்காமலிருக்க, அதன் நுனியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி ஹேண்டில்பாரில் முடிந்துவிடுங்கள்.

4. தரையில் ஆயில் சிந்தினால் உமியைக் கொட்டிக் கால் மணி நேரம் விட்டுக் கூட்டுங்கள். ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். அந்த உமியை அடுப்பில் போடாதீர்கள்.

5. பெட்ரோலோடு ஆயில் கலப்பதுதான் டூ ஸ்ட்ரோக் வண்டியின் உயிர்நாடி. இந்த இன்ஜினுக்குத் தனி ஆயில் சம்ப் இல்லை. பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் எண்ணெய் போவதே பெட்ரோலில் கலந்துதான். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 33-க்கு 1 என்றால் லிட்டருக்கு 30 மில்லி. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டிலோ நம்பிக்கையான மெக்கானிக்கிடமோ உறுதிசெய்துகொண்டு, பிறகு அதை மாற்றாதீர்கள். "ஒரு மூடி, ரெண்டு மூடி" என்று குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கத்தால் போன இன்ஜின்கள் ஏராளம். மில்லி குறியிட்ட பழைய பால் புட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள் (அது திரும்பச் சமையலறைக்குள் நுழையக் கூடாது). 25-க்கு 1 கணக்கென்றால், நான்கு லிட்டருக்கு 160 மில்லி என்ற கோட்டில் நெயில் பாலிஷால் ஓர் அடையாளம் போட்டால் பங்க்கில் கணக்குப் போட வேண்டியதில்லை. முதலில் ஆயில், அதன்மேல் பெட்ரோல். மூடியபின் வண்டியை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டிவிடுங்கள். எல்லா பங்க்கிலும் இப்போது டூடி ஆயில் கிடைப்பதில்லை. போக வரத் தேவையானதை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

6. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளைச் செய்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பைப்பை ஊறவைத்துப் பிளக்கும், கலவையை மெலிதாக்கி இன்ஜினைச் சூடாக்கும். ஆகவே பைப்பை எத்தனால் தாங்கும் புதிய வகையாக மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குமேல் வண்டி நிற்கப் போகிறதென்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காயவையுங்கள். கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் உயர்த்த வேண்டுமா என்பதை அடுத்த குறிப்பில் உள்ள பிளக் சோதனை சொல்லிவிடும்.

7. இருபது கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை கும்பகோணம் டிகிரி காபி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது. வெளுத்த பிளக்கோடு மைசூருக்குப் புறப்படவே கூடாது.

8. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் ஒரு விசிட்டிங் கார்டை இடையே விட்டு இழுத்தாலே சுத்தமாகும். உப்புத்தாள் போட்டால் அதன் துகளை நன்றாகத் துடைத்தெடுங்கள்.

9. கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் எப்போதும் நடுவழியில்தான் அறும். புதிய கேபிளைப் பையில் வைப்பதைவிட, பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி, டேப்பால் கட்டி, இரண்டு நுனியையும் பாலிதீன் சுற்றி மூடிவிடுங்கள். அறுந்தால் டேங்கைக் கழற்றாமலே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஜாவாவில் கியர் லிவரை அழுத்தினாலே கிளட்ச் விடுபடும் அமைப்பு உண்டு. உங்கள் வண்டியில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவைத்தால், கேபிள் அறுந்தாலும் அடுத்த ஊர்வரை ஓட்டலாம்.

10. செயின் கவருக்குள் மறைந்திருப்பதால் செயினை எல்லோரும் மறந்துவிடுகிறோம். செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கழன்று விழும்.

11. பையில்: இரண்டு பிளக், ஒரு பாயிண்ட் செட், கன்டென்சர், 6 வோல்ட் பல்ப், ஃப்யூஸ், செயின் லாக், டியூப், பஞ்சர் சாமான், கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் டியூப். சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி வைத்துக்கொண்டால் கழன்ற பெட்டி முதல் உடைந்த கிளாம்ப் வரை எதையும் கட்டலாம்.

12. ஆவணம். சாதாரணப் பதிவு என்றால் 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் கையில் வேண்டும். 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் கெடாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தினமும் வயலுக்குப் போகும் வண்டியை அதில் பதியாதீர்கள்.

13. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் போய்வாருங்கள். நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். வளைவு, மேடு, பாலம், கிராமத்து வேகத்தடை எல்லாம் உண்டு. எது கழலுமோ அது இங்கேயே கழன்றுவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்த வருஷம் என்றால் ஆறும் வாய்க்காலும் நிரம்பியிருக்கும். கரைச்சாலைகளில் பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. குறுவை நடவு நேரத்தில் டிராக்டர் சக்கரம் இழுத்துவரும் களிமண் தார்மேல் படிந்திருக்கும். அதில் முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

14. அறுவடைக் காலத்தில் ஒத்திகை பார்ப்பவர்களுக்கு: சாலையில் பரப்பிய வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். கொதிக்கும் சைலன்சர் பட்டால் பற்றிக்கொள்ளும். காயப்போட்ட நெல்லைச் சுற்றிப்போவது, அதை உலர்த்துபவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. பாதுகாப்புக்கும் அதுவே நல்லது, நெல்மணிமேல் டயர் வழுக்கும்.

15. வழி: தஞ்சாவூர், திருச்சி, கரூர், கொடுமுடி, ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு, மைசூரு. ஈரோடு வரை பெரும்பாலும் காவிரியின் கரையை ஒட்டி எதிர்த்திசையில் ஏறுகிறீர்கள். கரூரில் அமராவதி, சத்தியில் பவானி, நஞ்சன்கூட்டில் கபினி என்று அதன் துணையாறுகள் ஒவ்வொன்றாகக் குறுக்கிடும். நம் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கெங்கிருந்து சேருகிறது என்பதை வரைபடத்தில் பார்ப்பதற்கும் வண்டியில் போய்ப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துப் போக முடிந்தால் போங்கள்.

16. ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். விடிகாலை கிளம்பி, முதல் இரவு சத்தியமங்கலத்தில் தங்குங்கள். ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கரூர், ஈரோடு பக்கம் எதிரே வந்து அடிக்கும். அதை எதிர்த்து ஓடும் இன்ஜின் அதிகம் சூடாகும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். எழுபது எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். கட்டுச்சோறு புளியோதரையாக இருந்தால் மாலைவரை கெடாது.

17. ஓடும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று இறுகினால், வேகம் தானாகக் குறைந்தால், யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். பிஸ்டன் ஜாம் ஆகப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த ஒரு நொடியில் கிளட்சைப் பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, சிலிண்டர் வெடிக்கும். இடக்கை எப்போதும் கிளட்ச் லிவர்மேல் இருக்கப் பழகுவது, எல்லா உதிரிப்பாகங்களையும்விடப் பெரிய காப்பு.

18. பண்ணாரியிலிருந்து திம்பம்வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. 6 வோல்ட் வெளிச்சமும் அந்தக் காட்டுக்குப் போதாது. நன்றாக விடிந்தபின் ஏறுங்கள். ஆசனூர், காராப்பள்ளம் பகுதியில் கரும்பு லாரிகளைத் தேடி யானை சாலைக்கு வருவதுண்டு. முன்னால் வாகனங்கள் நின்றால் நீங்களும் தள்ளி நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.

19. திரும்பி இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியை ஆக்சிலரேட்டரை முழுக்க மூடியபடி கியரில் இறக்கினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகும், பிஸ்டன் காயும். சில நொடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிவிடுங்கள். டிரம் பிரேக் சூடானால் பிடிப்புக் குறையும். விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

20. உடம்புக்கோ வண்டிக்கோ இரண்டு பக்கப் பயணம் தாங்காது என்று தோன்றினால், தஞ்சாவூர் வழியாக ஓடும் மைசூரு எக்ஸ்பிரஸில் ஒரு வழியை முடிக்கலாம். வண்டியை ஏற்ற இடமிருக்குமா என்று ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். டேங்கில் துளிப் பெட்ரோல் இருக்கக் கூடாது. பதிவுச் சான்றின் நகல் வேண்டும். ஹெட்லைட்டையும் டேங்கையும் பழைய போர்வையும் சாக்கும் சுற்றிக் கட்டுங்கள்.

21. மைசூரு ஜாவா நாள் கூட்டத்தில் "இந்தப் பழைய பார்ட்டைக் கொடுங்க, புதுசு தர்றேன்" என்று யாராவது கேட்டால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அசல் ஜிக்கோவ் கார்புரேட்டர், ஸ்பீடோமீட்டர், டேங்க் பேட்ஜ் எல்லாம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. மாறாக, ஐடியல் ஜாவாவில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் வண்டியின் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் எழுதி எடுத்துப்போங்கள். எந்த ஆண்டு வண்டி, எது அசல் நிறம், எந்த பாகம் பின்னால் மாற்றப்பட்டது என்பதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுப் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள்.

22. வீடு திரும்பிய மறுநாள் ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கிண்ணென்று கேட்காதது தளர்ந்தது. இன்ஜின் தாங்கும் போல்ட்டுகளை இறுக்குங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றும்போது பழையதை ஒரு வெள்ளைத் தட்டில் வடியவிட்டு, இரும்புத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள். வடித்ததை வாய்க்காலில் ஊற்றாமல் டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள்.