தோல்விக்குப் பொறுப்பாளி யார்?

கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாயால் ஒரு பெயர் உண்டு. ஹாக்கி ஆட்டத்தால் இன்னொரு பெயர் உண்டு. கரிசல் தரையில் மட்டை பிடித்துப் பழகிய ஊர் இது. இன்று கிருஷ்ணா நகரிலே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிக்கு எங்கெங்கிருந்தோ கோஷ்டிகள் வந்து ஆடுகின்றன. நம் ஊர்ப் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடி, வெண்கலப் பதக்கத்தோடு வந்ததை நாம் அறிவோம்.

ஆனால் ஆட்டம் என்றால் ஜெயம் மட்டுமல்ல. ஒருவர் ஜெயிக்க ஒருவர் தோற்றே ஆகவேண்டும். தோற்ற கோஷ்டி மைதானத்தை விட்டு வெளியே வரும்போது, ஒரு கேள்வியும் அதன் பின்னாலேயே வருகிறது: “இதற்கு யார் பொறுப்பு?” கோல் காவலன் என்பார் ஒருவர், நடுவர் என்பார் மற்றொருவர், வெயில் என்பார், தரை என்பார், அதிர்ஷ்டம் என்பார் பலர்.

இந்தக் கேள்வி மைதானத்தோடு நின்றுவிடுவதில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளையின் வீட்டிலும், விளைச்சல் பொய்த்த புஞ்சையிலும், பாகு பதம் தவறிய கடலைமிட்டாய்க் கடையிலும், சரக்கு திரும்பி வந்த தீப்பெட்டி ஆபீசிலும் இதே கேள்விதான் எழுகிறது. ஆகவே இவ்வாரம் நாம் ஆராயப்போகும் விஷயம் இது: தோல்வி வந்த வேளையில், முன்னின்று நடத்துகிறவன் செய்யவேண்டியது யாது?

ஒரு பயிற்சியாளரின் ராஜிநாமா

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா 8 தங்கப் பதக்கங்கள் பெற்ற நாடு. முதல் தங்கம் 1928-ல். எட்டாவது தங்கம் 1980-ல் மாஸ்கோவில். அந்த எட்டாவது கோஷ்டிக்குத் தலைவராயிருந்தவர் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன். 1928 முதல் 2004 வரை இந்திய ஹாக்கிக் கோஷ்டி கலந்துகொள்ளாத ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டியே இருந்ததில்லை.

2007-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னையில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 7-2 என்ற கணக்கில் தோற்கடித்தது. எழும்பூர் மைதானத்தில் ஒரே கொண்டாட்டம். அப்போது பயிற்சியாளராக இருந்தவர் ஜோக்கிம் கார்வாலோ. அவரே 1984-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர்.

ஆறு மாதங்கள் சென்றன. 2008-ம் ஆண்டு மார்ச் மாதம், சிலி நாட்டின் சான்டியாகோ நகரில், பீஜிங் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி நடந்தது. முதலிடம் பெறுகிற ஒரு நாட்டுக்கு மட்டுமே இடம். இறுதி ஆட்டத்தில் பிரிட்டன் 2 கோல் போட்டது. இந்தியா ஒன்றும் போடவில்லை. 80 ஆண்டுகளாக அறுபடாமல் வந்த சங்கிலி அன்று அறுந்தது.

கார்வாலோ என்ன செய்தார்? தோல்விக்குப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு பதவியை ராஜிநாமா செய்தார்.

சாக்குச் சொல்ல விரும்பியிருந்தால் அவருக்கு வேண்டிய சாக்குகள் இருந்தன, அவை பொய்யுமல்ல. 1976-ல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அவ்வாண்டே இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. ஐரோப்பிய நாடுகளில் அத்தகைய மைதானங்கள் பெருகியபோது, நம் பிள்ளைகள் பெரும்பாலும் மண் தரையிலும் புல் தரையிலுமே பழகி வந்தார்கள். முப்பது ஆண்டுகளாக வந்த சரிவை ஒரு பயிற்சியாளர் ஒரு பருவத்தில் உண்டாக்கிவிடவில்லை. மேலும், கோலுக்கு முன் பந்தைத் தவறவிட்டவை அவருடைய கைகள் அல்ல. இருந்தும், “என் பொறுப்பு” என்று சொன்னவர் அவர்தான். சம்மேளனத் தலைவரும் விலகவேண்டும் என்று பல திக்குகளிலும் குரல் எழுந்தது, அவர் விலகவில்லை. அடுத்த மாதம் வேறொரு புகார் எழுந்தபோது, இந்திய ஒலிம்பிக் சங்கம் அந்தச் சம்மேளனத்தையே விலக்கி வைத்தது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

இங்கே நாம் தெளிந்துகொள்ளவேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. குற்றம் என்பது தவறு செய்த கையைச் சேர்ந்தது. பொறுப்போ, காரியத்தை ஒப்புக்கொண்டவனைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதாலேயே நம்மில் பலர் பொறுப்பேற்க அஞ்சுகிறோம். “நான் ஏன் ஒப்புக்கொள்ளவேண்டும்? நான் என்ன செய்தேன்?” என்று கேட்கிறோம்.

இதை விளக்க நம் ரயில் பாதையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ம் தேதி அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டி அரியலூருக்கு அருகே கவிழ்ந்தது. மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்துவிட்டது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோவில்பட்டி வழியாகப் போகவேண்டிய வண்டி அது.

அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. ஆற்றில் வெள்ளத்தைப் பெருக்கியவர் அவரல்ல. பாலத்தைக் கட்டியவரும் அவரல்ல. ஆயினும் அவர் ராஜிநாமா செய்தார். அதே ஆண்டில் முன்னதாக மெஹபூப்நகர் அருகே நடந்த விபத்துக்கும் அவர் ராஜிநாமா கொடுத்திருந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. இம்முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அல்ல, பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் விளக்கினார். அதனால் சாஸ்திரியின் மதிப்புக் குறைந்ததா? 1964-ல் அதே மனிதரை நாடு பிரதமராக ஏற்றுக்கொண்டது.

பழிக்கு முன்னே, புகழுக்குப் பின்னே

பொறுப்பேற்பது என்றால் எப்போதும் பதவியை விட்டுப் போவதுதானா? அல்ல. இருந்து சுமப்பதும் உண்டு.

1979-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அத்திட்டத்தை நடத்தியவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். கணிப்பொறி நிறுத்தச் சொல்லியும் தாம் ஏவ முடிவு செய்ததாகக் கலாமே பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்று பத்திரிகையாளர்கள் முன் கலாமைத் தள்ளிவிடவில்லை, விண்வெளி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். தாமே எழுந்து, தோல்வியைத் தம்முடையதாகச் சொல்லி, அடுத்த ஆண்டு வெல்வோம் என்றார். 1980-ம் ஆண்டு ஜூலை 18-ம் தேதி ராக்கெட் வெற்றிகரமாகச் சென்றது. அன்றைக்குத் தவான் பின்னால் நின்றுகொண்டு, “நீர் போய்ப் பேசும்” என்று கலாமை அனுப்பினார்.

தலைவனுக்குரிய இடம் இதுவே. பழி வரும்போது முன்வரிசை. புகழ் வரும்போது பின்வரிசை. நாமோ பல வேளைகளில் இதைத் தலைகீழாக்குகிறோம். ஜெயித்தால் “என் பயிற்சி”, தோற்றால் “இந்தப் பயல்கள்.”

போலிப் பொறுப்புகள்

நல்ல நாணயம் இருக்குமிடத்தில் கள்ள நாணயமும் வரும். அவற்றில் மூன்றை அறிந்து வைப்போம்.

முதலாவது: “நாம் எல்லோருமே பொறுப்பு” என்பது. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் எல்லோருக்கும் பங்கு வைத்த பழி யார் தோளிலும் கனப்பதில்லை.

இரண்டாவது: தலையிலடித்துக்கொண்டு புலம்புவது. “எல்லாம் என்னால்தான், நான் எதற்கும் லாயக்கில்லை” என்று அழுகிறவனை மற்றவர்கள் தேற்றவேண்டியதாகிறது. தோற்ற பிள்ளைகளைத் தேற்றவேண்டியவனே தேறுதல் கேட்டு நின்றால் காரியம் என்னாகும்?

மூன்றாவது: சொல்லோடு நிறுத்திவிடுவது. ஒரு கல்லூரிக் கோஷ்டியின் பயிற்சியாளர், பருவம் முழுதும் தோற்றபின், “பொறுப்பு என்னுடையது” என்று சொன்னால் மட்டும் போதாது. எதைத் தவறாகத் தீர்மானித்தேன், எதைக் கவனியாமல் விட்டேன், அடுத்த பருவத்தில் எதை மாற்றுவேன் என்ற மூன்றையும் அவர் சொல்லவேண்டும். அப்போதுதான் அது பொறுப்பு. இல்லையேல் மரியாதைக்குச் சொன்ன வார்த்தை.

பயிற்சியாளர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்பதற்காக ஆட்டக்காரன் நிம்மதியாய்த் தூங்கப் போய்விடலாமா? கூடாது. தலைவன் முழுப் பழியையும் வெளியே சுமக்கிறான். உள்ளே ஒவ்வொருவனும் தன் பங்கை எண்ணிப் பார்க்கவேண்டும். இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சிங்கார வனத்திலே ஆதாம் ஏவாளைக் காட்டினான்; ஏவாள் பாம்பைக் காட்டினாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவனோ அயலானுடைய பாவங்களைச் சொல்லப் போகிறதில்லை. “நான்” என்றே தொடங்குகிறான்.

ஜெயம் உடனே வருமா?

பொறுப்பேற்றுவிட்டால் மறுநாளே ஜெயம் வந்துவிடும் என்று எண்ணவேண்டாம். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கோஷ்டி ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்று, 12 நாடுகளில் 12-வதாக வந்தது. பின்னர் மைதானங்கள் பெருகின; பிள்ளைகள் சிறு வயதிலேயே செயற்கைத் தரையில் பழகினார்கள். 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றபோது, கடைசிப் பதக்கம் பெற்று 41 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2024-ல் பாரிசிலும் வெண்கலம் கிடைத்தது. சான்டியாகோவிலிருந்து டோக்கியோவுக்கு 13 ஆண்டு நடை.

இடையிலும் ஒரு செய்தி உண்டு. டோக்கியோ வெண்கலத்துக்குப் பயிற்சி கொடுத்த கிரகாம் ரீட், 2023-ம் ஆண்டு ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா கால் இறுதிக்கு வராமற் போனதும் ராஜிநாமா செய்துவிட்டார். பழைய வெண்கலத்தைக் காட்டிப் புதிய தோல்வியை மறைத்துக்கொள்ளவில்லை.

கரிசல் காட்டின் பாடம்

நம் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை அவன் கையில் இல்லை. ஐப்பசியில் பெய்யவேண்டியது பெய்யாமற் போகலாம். மார்கழியில் வேண்டாத மழை வந்து உளுந்தையும் பாசியையும் அழிக்கலாம். ஆனால் கோடை உழவு அவன் கையில் இருக்கிறது. நல்ல விதை தேடுவது அவன் கையில் இருக்கிறது. பருவம் தப்பாமல் விதைப்பது அவன் கையில் இருக்கிறது. நல்ல சம்சாரி விளைச்சல் பொய்த்த வருஷத்தில் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான். குனிந்து நிலத்தையும் பார்ப்பான். மழையின் கணக்கை ஒருபுறமும் தன் கணக்கை ஒருபுறமும் எழுதுவான். தன் கணக்கில் உள்ளதை அடுத்த சித்திரையில் திருத்துவான்.

வீட்டிலும் அப்படியே. பிள்ளை பரீட்சையில் தவறினால், “உன் வளர்ப்பு” என்று தகப்பன் தாயைச் சாடுவதும், “உங்கள் செல்லம்” என்று தாய் திருப்பிச் சொல்வதும் வழக்கமாய்ப் போயிற்று. நடுவிலே நிற்கிற பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? பழியைப் பந்தைப்போல் அடுத்தவர் பக்கம் தள்ளும் வித்தையைத்தான். அதற்குப் பதிலாகத் தகப்பன், “அரையாண்டுத் தேர்விலேயே உன் மார்க்கைப் பார்த்துக் கேட்டிருக்கவேண்டும்; கேட்காமல் விட்டது என் பிசகு. இனி ராத்திரி அரைமணி நேரம் உன்னோடு உட்காருகிறேன்” என்று சொல்லட்டும். பிள்ளை தானாகவே, “நானும் படிக்காமல் விட்டேன், அப்பா” என்பான். ஒருவர் உண்மையாய்ப் பொறுப்பேற்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் தங்கள் பங்கை ஒத்துக்கொள்ளத் தைரியம் பிறக்கிறது.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. சென்ற மாதம் நம் வீட்டில் தவறிப்போன காரியம் எது? அதில் நம் கைக்கு மீறியது எவ்வளவு, நம் கையில் இருந்தது எவ்வளவு?

2. நமக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பிசகினபோது, பிறர் முன்னிலையில் அவர்களைக் காட்டிக்கொடுத்தோமா, அல்லது நாம் முன்னே நின்றோமா?

3. நமக்குக் கிடைத்த புகழில் யாருக்காவது சேரவேண்டிய பங்கு பாக்கியாய் நிற்கிறதா?

இவ்வாரத் தீர்மானம்: ஏதேனும் ஒரு காரியத்திலாவது, யாரும் கேட்பதற்கு முன்னதாக, “இது என் பொறுப்பு, இதை இப்படித் திருத்துவேன்” என்று சொல்லி, சொன்னபடி செய்து முடிப்போம்.