இறந்த காலம் இடர் தருமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற கோடை விடுமுறையில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். "நேற்றே ஏன் வரவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "ஐ டிட் நாட் கேம்" என்று தொடங்கினேன். கேட்டவர் சிரித்துவிட்டார். மேற்கொண்டு பேச நா எழவில்லை.

அருவங்காட்டுக்குத் திரும்பியதும், "என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பிழை எதுவென்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படி விளக்குவது? அன்றிரவு இலக்கண நூலைப் புரட்டித் தெளிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழில் இறந்த காலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்கிறது நன்னூல். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்பன சான்றுகள். ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகள் 'ஈ, டி' என்னும் எழுத்துகளை இறுதியில் ஏற்கும். வாக் என்பது வாக்ட் ஆகும். 'வாக்கெட்' என ஒலிப்பது பிழை. வான்ட், நீட் போல ட், ட ஒலியில் முடிபவை மட்டுமே வான்டட், நீடட் என ஓர் அசை கூடி ஒலிக்கும். கோ–வென்ட், கம்–கேம், சீ–சா போன்றவை விதிக்கு அடங்கா. பழகியே அறிய வேண்டும்.

காலம் குறிப்பிட்டு, முடிந்த செயலைச் சொல்லும்போது இவ்வடிவம் வரும். நமது மலை ரயில் 1899-இல் குன்னூரை அடைந்தது; 1908-இல் உதகைக்கு ஏறியது. இதனை "த ரயில்வே ரீச்ட் குன்னூர் இன் 1899" என்க. ஆண்டைச் சொன்னபின் 'ஹேஸ் ரீச்ட்' என்பது பொருந்தாது.

வந்தேன், வந்தாய், வந்தாள் என நம் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ எல்லோருக்கும் 'கேம்' ஒன்றே. எனவே ஐ, யூ, ஷீ என்பவற்றை விடலாகாது. வாஸ், வேர் மட்டுமே ஆளுக்கேற்ப மாறும்.

இனி, நான் தடுக்கி விழுந்த இடம். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர்கள் வரவில்லை என்கிறோம். 'வந்தேன்' என்பதில் உள்ள இறந்தகால உறுப்பு இங்கே எங்கே? 'வர' என்பதோடு 'இல்லை' சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. யாரும் 'வந்தேன் இல்லை' என்று இன்று பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் 'டிட்' என்னும் துணைவினை காலத்தைச் சுமந்துகொள்கிறது. முதன்மை வினை சுமையை இறக்கிவைத்து இயல்பான வடிவுக்குத் திரும்புகிறது. ஆகவே "ஐ டிட் நாட் கம்" என்பதே சரி. வினாவிலும் "டிட் யூ கம்?" என்றே வரும். வாஸ், வேர் ஆகியவற்றுக்கு மட்டும் இந்தத் துணை வேண்டுவதில்லை.

மறுநாள் இதை அப்பாவிடம் சொன்னேன். "அட, நம்ம பேச்சு மாதிரிதானா? இதற்கா பயந்தாய்?" என்றார்.

நண்பர்களே! ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய்மூடி இருப்பவர் நம்மில் பலர். தாய்மொழியைத் துணைகொண்டால் அயல்மொழி எளிதாகும். தவறு நேர்ந்தால் "ஐ மேட் எ மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பேசுவோம். சொன்ன அக்கணமே அதுவும் இறந்த காலம்தான்!