மீனுக்கும் வழி வேண்டும்



எங்கள் படிப்பு வட்டம் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் நடக்கிறது. இரவு ஏழரை மணிக்குக் கூடுவோம். ஒரு நாள் 'மீன்' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பெரியவர் பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, ஓடையில் மீனே இல்லை. எதை எழுதச் சொல்கிறாய்?" என்று கேட்டார்.

"ஏன் இல்லை, தாத்தா?" என்றேன்.

அவர் சொன்ன கதை இதுதான்.

முன்பெல்லாம் கோடை முடிந்து முதல் பெருமழை பெய்யும். ஓடையில் புது வெள்ளம் வரும். அந்த வெள்ளத்தை எதிர்த்துக் காவிரியிலிருந்து மீன்கள் ஏறி வரும். இதைத்தான் ஏத்து மீன் என்கிறோம். கெண்டை வரும். கெளுத்தி வரும். ஆரால் வரும். ஊருக்கு மேலே உள்ள ஏரிக்கும் வயலுக்கும் போய் முட்டையிடும். குஞ்சுகள் அங்கே வளரும். பிறகு ஆற்றுக்குத் திரும்பும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஊர்ச் சாலையை அகலமாக்கினார்கள். ஓடையின் மேல் இருந்த பழைய கல் பாலத்தை எடுத்தார்கள். இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் போட்டார்கள்.

"முதல் வருஷம் குழாய்க்குக் கீழே மீன் குவிந்து நின்றது. கூடை கூடையாக அள்ளினோம். பாலம் வந்த யோகம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த வருஷம் பாதிதான் கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் வெறும் கூடையோடு திரும்பினோம்" என்றார் பெரியவர்.

எல்லோரும் அமைதியானோம். முதல் வருஷம் அவ்வளவு மீன் ஏன் ஒரே இடத்தில் நின்றது? மறுநாள் காலை போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

சிறுபாலம் என்றால் என்ன?

சாலைக்கு அடியில் ஓடை போக வழி விடுவார்கள். அதுவே சிறுபாலம். இங்கே கன்னடத்தில் மோரி என்கிறார்கள். நம் நாட்டுச் சாலைக் கணக்கில் 6 மீட்டர் நீளம் வரை உள்ளது சிறுபாலம். அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறிய பாலம். அதையும் தாண்டினால் பெரிய பாலம்.

சிறுபாலம் கட்டும்போது தண்ணீர் போகுமா என்று கணக்குப் பார்க்கிறார்கள். மீன் போகுமா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது. மீனோ கீழிருந்து மேலே போக வேண்டும். தண்ணீர் போகும் வழியெல்லாம் மீன் போகும் வழி ஆகாது.

நாங்கள் அளந்து பார்த்தோம்

ஒரு நீளக் குச்சி, ஒரு கயிறு, ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டு. இவ்வளவுதான் எடுத்துப் போனோம். ஐந்து விஷயங்களைப் பார்த்தோம்.

1. தொங்கல்: முதலில் பாலத்தின் கீழ்ப்பக்கம் போய் நின்றோம். குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கியது. அங்கிருந்து தண்ணீர் அருவி போலக் குழியில் விழுந்தது. குழாயின் அடி விளிம்பிலிருந்து குழித் தண்ணீர் வரை அளந்தோம். ஒன்றரை அடி இருந்தது. நமக்கு அது ஒரு படி. விரல் நீளக் கெண்டைக்கு அது ஒரு கோட்டைச் சுவர். ஒரு சாண் உயரமே சிறு மீனுக்குத் தடைதான்.

2. வேகம்: குழாயின் நீளம் 40 அடி. மேல் வாயில் ஒரு தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டோம். அது கீழ் வாய்க்கு வர 8 வினாடி ஆனது. 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. அதாவது தண்ணீர் ஒரு வினாடிக்கு 5 அடி ஓடுகிறது. பிறகு ஓடையிலேயே 40 அடி அளந்து துண்டைப் போட்டோம். 40 வினாடி ஆனது. அங்கே வினாடிக்கு 1 அடிதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மீன் வினாடிக்கு 6 அடி நீந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே வரும் தண்ணீர் அதை 5 அடி பின்னே தள்ளும். மிச்சம் 1 அடி. 40 அடி கடக்க 40 வினாடி வேண்டும். சிறு மீன் முழு வேகத்தில் சில வினாடிதான் நீந்தும். பிறகு களைத்துப் போகும். தண்ணீர் அதை அடித்து வெளியே தள்ளிவிடும்.

3. ஆழம்: குழாய்க்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று குச்சியால் பார்த்தோம். மழை இல்லாத நாளில் இரண்டு விரல் கனம்தான். மீனின் முதுகு மூழ்காவிட்டால் அதனால் நீந்த முடியாது.

4. அடைப்பு: ஒரு குழாயின் மேல் வாயில் முள்ளும் பிளாஸ்டிக் பையும் பழைய துணியும் அடைத்திருந்தன. ஆகவே எல்லாத் தண்ணீரும் மற்றொரு குழாயில் பாய்ந்தது. வேகம் இன்னும் கூடியது.

5. இளைப்பாறும் இடம்: ஓடையில் கல் உண்டு, வேர் உண்டு. கல்லின் மறைவில் மீன் சற்று நின்று போகும். சிமெண்டுக் குழாய் வழுவழுப்பானது. அங்கே ஒதுங்க இடமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வெள்ளம் ஓடும்போது அருகில் போகக் கூடாது. குழாய்க்குள் ஒருபோதும் நுழையக் கூடாது. பாம்பு இருக்கலாம். திடீரென்று தண்ணீரும் வரலாம். குழந்தைகளைத் தனியே அனுப்பக் கூடாது.

குழி எப்படி வந்தது?

"பாலம் கட்டும்போது குழாய் தரையோடுதான் இருந்தது. நான் பார்த்தேன்" என்றார் ஒரு அக்கா.

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அகலமான ஓடையைக் குறுகிய குழாயில் அடக்கினாலும் அப்படித்தான். வேகமாக வெளிவரும் தண்ணீர் கீழே மண்ணை அரிக்கும். குழி விழும். ஓடையின் தரை தாழும். குழாய் மட்டும் மேலே தொங்கும்.

மேலும் கீழும் ஓடையைப் பாருங்கள்

வழி மட்டும் இருந்தால் போதாது. போய்ச் சேரும் இடமும் நன்றாக இருக்க வேண்டும். ஆகவே பாலத்துக்கு மேலே நூறு அடி, கீழே நூறு அடி நடந்து பாருங்கள். கரையில் மர நிழல் உண்டா? ஆழமான மடு உண்டா? தரையில் கல்லும் மணலும் உள்ளதா? வெறும் சேறா? தண்ணீர் நாறுகிறதா? ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் சிறு பூச்சிகள் இருந்தால் மீனுக்கு உணவு உண்டு. பார்த்த பிறகு கல்லைப் பழையபடி வையுங்கள்.

எங்கள் ஓடையில் பாலத்துக்கு மேலேதான் நல்ல இடம் இருந்தது. புங்க மர நிழல், மடு, கல், கோரை எல்லாம் இருந்தன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிடி பொரி தூவினோம். கீழே சிறு மீன்கள் ஓடி வந்து கொத்தின. மேலே பொரி மிதந்து போனது.

"மேலே ஏரியில் விரால் இருக்கிறதே!" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. விரால் காற்றையும் சுவாசிக்கும். ஈரத் தரையில் நெளிந்து சிறிது தூரம் போகும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். கெண்டையாலும் கெளுத்தியாலும் அது முடியாது. ஆகவே விரால் இருப்பதால் வழி சரியாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது.

இப்போது பெரியவரின் கதை புரிந்தது. முதல் வருஷம் குழியில் குவிந்தவை முட்டை வயிற்றோடு வந்த மீன்கள். மேலே போக வழி இல்லாமல் அங்கே நின்றன. நாம் அதை யோகம் என்று நினைத்தோம். குழாய் வழியை அடைத்தது. நம் கூடை மிச்சத்தை அள்ளியது. பக்கத்துக் கேரளத்தில் மழைக்காலத்தில் இப்படி ஏறி வரும் மீனைப் பிடிக்கச் சட்டம் தடை செய்கிறது.

பெரிய ஆற்றிலும் இதே கதை

நம் காவிரியில் கிருஷ்ணராஜசாகர் அணை கட்டும் வேலை 1911-இல் தொடங்கியது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. இரண்டும் கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறும் தண்ணீரும் தருகின்றன. ஆனால் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் மேட்டூர் அணைக்குப் பிறகு மிகவும் குறைந்தது.

கூன்முதுகு மாசீர் என்று ஒரு பெரிய மீன் உண்டு. காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே வாழ்கிறது. 1946-இல் மைசூர்ப் பக்கத்துக் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மாசீர் பிடிபட்டது. அது சுமார் 54 கிலோ. ஒரு ஆளின் எடை! அந்த மீன் இனம் 2018-இல், அழியும் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. வழி மறிக்கும் அணைகளும் அவற்றில் ஒன்று.

அணையை நாம் அசைக்க முடியாது. ஆனால் சிறுபாலத்தைத் திருத்த முடியும். அமெரிக்காவில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே சால்மன் மீனை நம்பி வாழும் பழங்குடி மக்கள் 2001-இல் வழக்குப் போட்டார்கள். சாலைக் குழாய்கள் மீனின் வழியை மறிக்கின்றன என்று சொன்னார்கள். 2013-இல் நீதிமன்றம் குழாய்களைத் திருத்த உத்தரவிட்டது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்த உத்தரவு நிலைத்தது. நூற்றுக்கணக்கான சிறுபாலங்களை அங்கே மாற்றி வருகிறார்கள்.

எப்படித் திருத்தலாம்?

அடைப்பை எடுக்கலாம். இது மழைக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை.

குழிக்குக் கீழே ஓடையின் குறுக்கே பெரிய கற்களைப் படிப்படியாக அடுக்கலாம். குழியில் தண்ணீர் மட்டம் உயரும். குழாயின் வாய் தண்ணீரைத் தொடும்.

குழாயின் தரையில் கல்லோ சிமெண்டு மேடுகளோ பதிக்கலாம். வேகம் குறையும். மீன் இளைப்பாற இடம் கிடைக்கும்.

புதிதாகக் கட்டினால் ஓடையின் அகலத்துக்குக் கட்ட வேண்டும். பாலத்தின் தரையை ஓடையின் தரைக்குக் கீழே பதிக்க வேண்டும். அதன் மேல் ஓடையின் கல்லும் மணலும் படியும். மீனுக்கு அது ஓடையாகவே இருக்கும்.

கல் அடுக்குவதை நாமே செய்யக் கூடாது. கணக்கு தவறினால் வெள்ளம் தேங்கும். பொறியாளர் பார்த்துச் செய்ய வேண்டும்.

"மீனுக்காகவா இவ்வளவு செலவு?" என்று சிலர் கேட்பார்கள். மனிதருக்காகவும்தான். 2022 ஆகஸ்டில் பெங்களூர் - மைசூர் சாலையில் இராமநகரம் அருகே வெள்ளம் தேங்கியது. வண்டிகள் மூழ்கின. தண்ணீருக்குப் போதிய வழி விட்டால் மீனும் பிழைக்கும், சாலையும் பிழைக்கும்.

மனு எழுதினோம்

அளந்ததை எல்லாம் நோட்டில் குறித்தோம். பிறகு மனு எழுதினோம்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊர்ச் சிறுபாலத்தின் குழாய் ஒன்றரை அடி தொங்குகிறது. குழாயில் தண்ணீர் வினாடிக்கு 5 அடி ஓடுகிறது. ஒரு குழாய் அடைத்துள்ளது. மீன்கள் ஏரிக்கு ஏற முடியவில்லை. பொறியாளரை அனுப்பி இடத்தைப் பார்வையிட வேண்டுகிறோம். இப்படிக்கு, ஊர் மக்கள்."

இங்கே அலுவலகத்தில் கன்னடத்தில் கொடுப்பது நல்லது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதைக் கன்னடத்தில் எழுதித் தந்தார்கள். கிராம சபைக் கூட்டத்தில் கொடுத்தோம். மீன்வளத் துறைக்கும் சாலை அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினோம். 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கவில்லை.

ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். எங்கள் நோட்டை வாங்கிப் படித்தார். தானும் அளந்தார். "உங்கள் அளவு சரிதான்" என்றார். கல் வேலை இன்னும் தொடங்கவில்லை. மறுபடியும் கேட்போம்.

அதுவரை எங்களால் முடிந்ததைச் செய்தோம். அடைப்பை எடுத்தோம். முதல் வெள்ளத்தில் குழியில் வலை வீசுவதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்தோம். அந்த முடிவை முதலில் சொன்னவர் பெரியவர்தான். அன்று இரவு அவர் பலகையில் எழுதினார்: "மீனுக்கு வழி விடு."

யோசிப்போம்

1. குழாய்க்குக் கீழே மீன் குவிந்து நின்றால் அதன் பொருள் என்ன?
2. ஏரியில் விரால் இருப்பதை வைத்து வழி சரி என்று சொல்லலாமா? ஏன்?
3. குழாயின் நீளம் 30 அடி. மட்டைத் துண்டு கடக்க 10 வினாடி ஆகிறது. தண்ணீரின் வேகம் என்ன?

செய்து பார்ப்போம்

உங்கள் ஊர்ச் சிறுபாலத்துக்கு நான்கு பேராகப் போங்கள். தொங்கல், வேகம், ஆழம், அடைப்பு, இளைப்பாறும் இடம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். தேதி போட்டு எழுதுங்கள். மழைக்கு முன்பு ஒரு முறை, மழைக்குப் பின்பு ஒரு முறை பாருங்கள். அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.